இரண்டு கடை, இரண்டு கேள்வி

"எங்க ஓடுவீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

நீல நிற மேலங்கி போட்டிருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். கேட்டது என் அண்ணன் மகளை. பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, ஓடுகிறவள். பக்கத்து மாநகரில் புறவழிச் சாலையோரம் டெகாத்லான் கடை திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஜோடி ஷூ வாங்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தோம். கேள்வி பிடிபடாமல் பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். "ரோட்டுலயா, கிரவுண்டுலயா, மண்ணுலயா?" என்று அந்தப் பெண் எடுத்துக் கொடுத்ததும் பதில் பளிச்சென்று வந்தது.

"கம்மாக்கரையிலக்கா. மண்ணுதான். நடுவுல சரளை கெடக்கும்."

அந்தப் பெண் கையில் வைத்திருந்த ஷூவை அடுக்கில் திரும்ப வைத்துவிட்டு, அடியில் ஆழமாகப் பல் வெட்டிய வேறொன்றை எடுத்து வந்தாள். போட்டதும் குனிந்து, கால் பெருவிரலுக்கு முன்னால் இடம் விட்டிருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "அந்தக் கோடி வரைக்கும் ஓடிட்டு வாங்க" என்றாள். கடைக்குள் எப்படி ஓடுவது என்று பிள்ளை தயங்கினாள். பிறகு ஓடினாள். கூடாரங்களைத் தாண்டி, சைக்கிள்களைத் தாண்டி, சிமென்ட் தரையில் தடதடவென்று போய்த் திரும்பி வந்து நின்றபோது அவள் முகம் சிவந்திருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வேறொரு கேள்வி ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பிள்ளையைப் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் உள்ள விளையாட்டுப் பொருள் கடைக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே கடைக்கார அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "எந்த ஸ்கூலு ஆத்தா? பி.டி. வாத்தியார் யாரு?"

இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டையும் கேட்டவர்கள் தொழில் தெரிந்தவர்கள். ஒன்று ஓடுகிற காலையும் அது மிதிக்கிற மண்ணையும் கேட்கிறது. மற்றது, இந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை, எந்தக் கூட்டத்தோடு விளையாடுகிறது என்று கேட்கிறது. ஒரு கடைக்குள் முதல் தடவை நுழைகிறவருக்கு எது எட்டும், எது எட்டாது என்பதை இந்த முதல் கேள்வியே முக்கால்வாசி தீர்மானித்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் இரண்டு கடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நினைத்தேன்.

கீழராஜ வீதிக் கடையில் இருந்து தொடங்குகிறேன். வாசல் பத்தடி அகலம். உள்ளே போக முடியாது. குறுக்கே கண்ணாடி மேசை, அதற்குப் பின்னால் கடைக்காரர், அவருக்குப் பின்னால் கூரை வரை அட்டைப்பெட்டிகள். தலைக்கு மேலே வலைப்பையில் வாலிபால்களும் புட்பால்களும் திராட்சைக் குலை மாதிரி தொங்கும். மேசைக்குள்ளே ஸ்டாப் வாட்ச், விசில், கேரம் ஸ்டிரைக்கர், போரிக் பவுடர் டப்பா, முழங்கால் உறை. மூலையில் கிரிக்கெட் மட்டைகள். ஒரு சுவர் முழுக்கக் கோப்பைகளும் ஷீல்டுகளும். மார்கழி பிறந்தால் அந்தச் சுவர்தான் கடையின் வருமானம்.

அந்தப் பெட்டிகளின் மேல் அச்சிட்ட ஊர்ப் பெயர்களைப் படித்தால் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஜலந்தர், மீரட். 1947 பிரிவினைக்கு முன்பு இந்தப் பக்கத்து நாடுகளுக்கெல்லாம் பந்தும் மட்டையும் செய்து கொடுத்த ஊர் சியால்கோட். பிரிவினையில் அது பாகிஸ்தானுக்குப் போக, அங்கிருந்து கிளம்பி வந்த முதலாளிகளும் கைவினைஞர்களும் ஜலந்தரிலும் மீரட்டிலும் மறுபடி தொழிலைத் தொடங்கினார்கள். இன்று பெரிய ஆட்டக்காரர்கள் பிடிக்கிற எஸ்ஜி மட்டை 1931இல் சியால்கோட்டில் தொடங்கி மீரட்டுக்கு வந்த நிறுவனத்துடையது. நிவியா பந்தும் 1934இல் சியால்கோட்டில் தொடங்கி ஜலந்தருக்கு வந்ததுதான். அகதிகளாக வந்தவர்கள் தைத்த பந்து, மொத்த வியாபாரி கை மாறி, லாரியில் ஏறி, எங்கள் ஊர் வலைப்பையில் வந்து தொங்குகிறது.

இந்தக் கடையில் ஒரு பொருளைத் தொட வேண்டுமென்றால் அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெயர் சொன்னால்தான் பெட்டி இறங்கும். இறங்கின பெட்டியைப் பிரித்துக் காட்டின பிறகு, வேண்டாம் என்று சொல்வதற்கு மனசு வராது. மூன்றாவது பெட்டியைக் கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். கடைக்காரர் ஒரு நாளும் முகம் சுளித்தவரில்லை. ஆனால் பின்னால் நான்கு பையன்கள் ஸ்டம்பர் பால் வாங்க நிற்பார்கள். ஒரு பொம்பளைப் பிள்ளை அந்த இடத்தில் நின்று தன் கால் அளவைச் சொல்லி, போட்டுப் பார்த்து, பிடிக்கவில்லை என்று கழற்றிக் கொடுப்பது லேசான காரியமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் வாங்கியது பையன்கள் போடுகிற ஷூ. இருந்த அளவில் அதுதான் சிறியது. முன்னால் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டாள்.

இனி அந்தப் புதுக்கடை. அது பெரிய தகரக் கொட்டகை போன்ற கட்டடம். உயரமான கூரை, வெளிச்சம், நடுவே அகலமான பாதை. மேசை கிடையாது. இந்தப் பக்கம் வாங்குகிறவர், அந்தப் பக்கம் விற்கிறவர் என்ற கோடே அங்கே இல்லை. முதல் பார்வையில் என்னைத் தாக்கியது அதுதான். ஐந்து வயதுப் பையன் ஒருவன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகிறான், அவன் அப்பா பின்னால் நடக்கிறார், யாரும் தடுக்கவில்லை. டேபிள் டென்னிஸ் மேசை போட்டிருக்கிறார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கூடாரத்தை விரித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்ப் படுத்துப் பார்க்கலாம். நான் படுத்துப் பார்த்தேன். துணி வழியாக வந்த வெளிச்சம் பச்சையாக இருந்தது.

டெகாத்லானின் தொடக்கம் 1976. பிரான்சின் வடக்கே லில் நகரத்துக்குப் பக்கத்தில் எங்லோஸ் என்ற சிற்றூரில், மிஷேல் லெக்லெர்க் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து, எல்லா விளையாட்டுக்கும் வேண்டிய பொருள்களை ஒரே கூரைக்குக் கீழே, எடுத்துப் பார்க்கும்படியாக வைத்தார். பத்து வருஷம் கழித்துப் பொருள்களையும் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். அதனால்தான் அங்கே ஒவ்வொரு பகுதியிலும் நமக்குப் பழக்கமில்லாத பெயர்கள்: மலை நடைக்கு கெச்சுவா, பந்தாட்டத்துக்கு கிப்ஸ்டா, நீச்சலுக்கு நபாய்ஜி, மீன்பிடிக்கு கேப்பர்லான். இந்தியாவுக்கு 2009இல் பெங்களூருவில் வந்தார்கள். அந்நிய முதலீட்டு விதிகளால் முதலில் மொத்த விற்பனைதான் செய்ய முடிந்தது. 2013இல் அனுமதி கிடைத்த பிறகு யார் வேண்டுமானாலும் போய் வாங்குகிற கடையாயிற்று.

எங்கள் பக்கத்தில் லிட்டர் என்றால் பாலுக்கும் எண்ணெய்க்கும். அங்கே முதுகுப் பையை லிட்டரில் அளக்கிறார்கள்: பத்து லிட்டர், இருபது லிட்டர், ஐம்பது லிட்டர். பொருள்களைத் தொடக்கநிலை, இடைநிலை, தேர்ந்தவர் என்று படி வைத்துப் பிரித்திருக்கிறார்கள். இந்தப் பிரிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஒருவர் ஒன்றும் தெரியாமல் வரலாம், வந்து தொடங்கலாம் என்று அது எழுதிப் போட்டிருக்கிறது. ராஜவீதிக் கடையில் தொடக்கநிலை என்று ஒன்று கிடையாது. அங்கே வருகிறவன் ஏற்கெனவே ஒரு அணியில் இருப்பவன்.

தொட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்ற இந்த ஏற்பாடு எங்கள் மாவட்டத்துக்குப் புதிது என்று நினைத்துவிட வேண்டாம். 1991இல் அது எங்கள் தெருமுனையில் இருந்தது. வாடகை சைக்கிள் கடை என்று அதற்குப் பெயர்.

எனக்கு அப்போது பதினாறு வயது. அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய வருஷம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதோடு சைக்கிள் ஓட்டுவதையும் அந்த இயக்கம் சேர்த்துக்கொண்டது. அது எத்தனை பெரிய யோசனை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது; சாயங்காலம் கல்குவாரி வேலை முடிந்து வந்த அக்காமார்களும் நாங்களும் மைதானத்தில் கூடினோம், அவ்வளவுதான். சொந்த சைக்கிள் யாருக்கும் இல்லை. வாடகைக் கடையில் மணிக்கு ஒரு ரூபாய். பின் மட்கார்டில் எண் எழுதியிருக்கும். என் சைக்கிள் ஏழாம் நம்பர். கடைக்காரர் நோட்டில் பேரை எழுதி நேரத்தைக் குறித்துக்கொள்வார். விழுந்தால் ஹேண்டில் பாரை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கி நேராக்கித் தருவார். அது ஆம்பளை சைக்கிள். குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினோம். வாங்குவதற்குக் காசில்லாதவர், ஓட்டத் தெரியாதவர், எந்த அணியிலும் இல்லாதவர், எல்லாருக்கும் அந்தக் கடையில் இடம் இருந்தது. எந்த ஸ்கூல் என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லப் பள்ளிக்கூடம் கிடையாது.

பின்னால் பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்த ஊருக்கு வந்து அதைப் பற்றி எழுதினார். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்கு மேல் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள் என்றும், எழுபதாயிரம் பெண்கள்வரை பொது இடங்களில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் விற்பனை ஒரே வருஷத்தில் 350 சதவீதம் கூடியதாக ஒரு கடைக்காரர் சொன்னதையும் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் வந்து சேரும்வரை காத்திருக்க மாட்டாமல் பலர் ஆம்பளை சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கண்டுபிடித்த வசதி. பொருளை முதலில் கையில் கொடுத்துவிட்டால் அதை என்ன செய்வது என்று ஜனங்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். இதை நான் என் கண்ணால் பார்த்தவள்.

ஆகவே புதுக்கடையின் சிமென்ட் தரையில் என் அண்ணன் மகள் ஓடித் திரும்பியபோது, எனக்கு ஏழாம் நம்பர் சைக்கிள் ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதாமல் விட்டால் இந்த ஒப்பீடு பொய்யாகிவிடும். ஓடுகிற பெண் பிள்ளைகளுக்கு ஷூவுக்கு முன்னாலேயே தேவைப்படுவது மார்பை இறுக்கிப் பிடிக்கிற உள்ளாடை. ஸ்போர்ட்ஸ் பிரா. அது இல்லாமல் வலியோடு ஓடி, பிறகு பையன்கள் பார்க்கிறார்கள் என்று கூசி, எட்டாம் வகுப்பு ஒன்பதாம் வகுப்பில் ஓட்டத்தையே விட்டுவிட்ட பிள்ளைகளை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். ராஜவீதிக் கடையில் அது கிடையாது. வைத்திருந்தாலும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. ஜவுளிக் கடையில் கேட்டால் சாதாரண உள்ளாடையைத்தான் எடுத்துப் போடுவார்கள். புதுக்கடையில் அது ஓடுகிறவர்களுக்கான பகுதியில், சாக்ஸுக்குப் பக்கத்தில், மற்ற எல்லாவற்றையும் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே உடை மாற்றும் அறை. பிள்ளை இரண்டை எடுத்துக்கொண்டு போனாள், ஒன்றோடு வந்தாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, பேச வேண்டியிருக்கவும் இல்லை. பில் போடுகிற இடத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. வாங்கியதையெல்லாம் அதற்குள் போட்டால் திரையில் கணக்கு வந்துவிடுகிறது. அங்கேயும் யாரும் அதைக் கையில் தூக்கிப் பிடித்து விலை பார்க்கவில்லை. எனக்கு அந்தக் கடை முழுவதிலும் மிக உயர்ந்த விஷயமாகப் பட்டது இந்த ஒன்றுதான்.

புதுக்கோட்டையில் ஓடுகிற பெண் பிள்ளை என்றால் சாந்தி சௌந்தரராஜனை நினைக்காமல் இருக்க முடியாது. கத்தக்குறிச்சி கிராமம், செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோர். தாத்தா ஓட்டக்காரர். அவர்தான் பேத்திக்குக் குடிசைக்கு வெளியே மண் தரையில் ஓடச் சொல்லிக் கொடுத்து, ஒரு ஜோடி ஷூவும் வாங்கித் தந்தார். எட்டாம் வகுப்பில் முதல் போட்டியில் கிடைத்தது ஒரு தகரக் கோப்பை. 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. பிறகு பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்த அநியாயத்தின் சூடு இன்னும் எங்கள் மாவட்டத்தில் ஆறவில்லை. அரசு கொடுத்த பரிசுப் பணத்தைக் கொண்டு அவர் இங்கேயே பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் தொடங்கினார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் என் மனம் போய் நிற்கிற இடம் அந்த ஷூ. பேத்தி எங்கே ஓடுவாள் என்பது தாத்தாவுக்குத் தெரியும். அவர்தான் அந்தத் தரையைக் காட்டியவர். அப்படி ஒரு தாத்தா வாய்க்காத பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியை யாராவது ஒரு கடையிலாவது கேட்க வேண்டாமா?

இவ்வளவு சொன்னதால் புதுக்கடை வந்துவிட்டது, பழைய கடை போய்விடலாம் என்று நான் சொல்வதாக ஆகிவிடக் கூடாது. புதுக்கடையில் எனக்கு ஒட்டாமல் போனதும் இருக்கிறது. அது "வெளி" என்ற சொல்லைப் பற்றியது.

அங்கே வெளி என்றால் ஓய்வு நாளில் போகிற இடம். வெயில் தொப்பி, தண்ணீர்க் குடுவை, காற்று ஊதும் தலையணை எல்லாம் அந்த நினைப்பில் செய்தவை. எங்கள் மாவட்டத்தில் வெளி என்பது பிழைக்கிற இடம். தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கை மலை நடைப் பகுதியில் வைத்திருந்தார்கள். அதைக் கையில் எடுத்ததும் எனக்கு நினைவு வந்தது என் அண்ணன். ராத்திரி இரண்டு மணிக்கு மும்முனை கரண்ட் வந்தால் மோட்டார் போட வரப்பில் போக வேண்டும்; ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் டார்ச், காலுக்குக் கீழே என்ன கிடக்கிறதோ தெரியாது. அவருக்கு ஒன்று வாங்கினேன். அந்தத் தலையணையைப் பார்த்தபோது எங்கள் மாவட்டத்துச் சித்தன்னவாசல் ஞாபகம் வந்தது. அங்கே ஏழடிப்பாட்டம் குகையில் சமண முனிவர்கள் பாறையையே இழைத்துச் செய்த பதினேழு படுக்கைகள் இருக்கின்றன. தலை வைக்கிற பக்கம் கல் சற்று மேடாக இருக்கும். மலைச் சரிவில் ஏழு அடித்தடம் வெட்டி அங்கே ஏறியவர்களும் வெளியில் தங்கினவர்கள்தான்.

மீன்பிடிப் பகுதியும் அப்படித்தான். தூண்டில் கோல்கள் வரிசையாக நின்றன, மீன் மாதிரியே செய்த பொய் இரைகள் வண்ண வண்ணமாகத் தொங்கின. ஒருவர் தனியாகக் கரையில் நின்று பொறுமையாக மீன் பிடிக்கிற விளையாட்டு அது. அழகானது, பழகிப் பார்க்க ஆசையாகவே இருந்தது. எங்கள் பக்கம் மீன்பிடித் திருவிழா என்றால் கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரண்டு வரும். கரையில் ஊர்ப் பெரியவர் துண்டை வீசினதும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கையில் ஊத்தா. குச்சிகளைக் கட்டிச் செய்த, மேலும் கீழும் திறந்த கூடை. கீழ் வாய் அகலம், மேல் வாய் குறுகல். சேற்றில் அதைக் குத்தி நிறுத்தி, உள்ளே எதுவாவது மோதுகிறதா என்று உள்ளங்கையால் உணர்ந்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டு விரால் மீனைத் துழாவிப் பிடிப்பது. ஊத்தா இல்லாதவர் கச்சாவோடு வருவார், அதுவும் இல்லாதவர் சேலையை விரித்துப் பிடிப்பார். பிடிபட்டதைக் குழம்பு வைத்து, உறவுக்காரர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும். இந்த விளையாட்டில் தனியாக ஒருவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஜனம் கூடிச் சேற்றைக் கலக்கினால்தான் மீன் மேலே வரும்.

கூடி ஆடுகிற ஆட்டத்தைத் தாங்கிப் பிடிப்பது ராஜவீதிக் கடை. இதை நான் பல வருஷமாகப் பார்க்கிறேன். ஒரு ஊர் இளைஞர் மன்றம் மின்னொளி கபடிப் போட்டி வைக்கிறது என்றால், கையில் காசு சேருமுன்னே இந்தக் கடைக்குத்தான் வருவார்கள். பன்னிரண்டு பனியன், முதுகில் எண், நெஞ்சில் ஊர்ப் பெயர், கீழே சின்ன எழுத்தில் "உபயம்" என்று போட்டு சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற ஒருவருடைய பெயர். பணம் போட்டி முடிந்து வரும், சில சமயம் அடுத்த பொங்கலுக்கு வரும். "எந்த ஸ்கூல், வாத்தியார் யார்" என்ற கேள்வியின் பயன் அப்போது தெரியும். யார் என்று தெரிந்தால்தான் கடன் கொடுக்க முடியும். கையில் காசில்லாத ஊர் விளையாடுவது அந்தக் கடன் நோட்டின் பலத்தில். தொட்டியில் போட்டதும் கணக்குக் காட்டுகிற திரை இந்த வேலையைச் செய்யாது. அதைச் செய்யச் சொல்லி எதிர்பார்ப்பதும் சரியில்லை.

பழுது பார்ப்பதும் அப்படி. ஷட்டில் மட்டையில் நரம்பு அறுந்தால் ஒரு கொக்கி ஊசியும் இடுக்கியும் வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே அரை மணி நேரத்தில் பின்னிக் கொடுத்துவிடுவார். கட்டி முடித்து இரண்டு நரம்பை விரலால் தட்டிப் பார்ப்பார். ஓசை பிடிக்காவிட்டால் அவிழ்த்துத் திரும்ப இறுக்குவார். ஒரு பையன் காற்று இறங்கின வாலிபாலை எடுத்துக்கொண்டு ஓடி வருவான். அண்ணன் பம்பு ஊசியை உதட்டில் வைத்து எச்சிலால் நனைத்து, பந்தின் வாயில் மெதுவாகச் செருகி, நான்கு தடவை அடித்து, பந்தைக் காதோரம் வைத்து அமுக்கிக் கேட்டுவிட்டுத் திருப்பித் தருவார். உலர்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும் என்பார். இதற்குக் காசு வாங்கி நான் பார்த்ததில்லை. புதுக்கடையிலும் சைக்கிள் பழுது பார்க்க ஒரு மூலை இருக்கிறது, ஆள் இருக்கிறார். ஆனால் அது பஸ்ஸில் போய் இறங்கி ஆட்டோ பிடித்துப் போகிற தூரம். சாயங்காலம் ஐந்து மணிக்கு பந்தில் காற்று போனால் ஆறு மணிக்குள் ஆட்டம் நடக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் போய் வரக்கூடியது ராஜவீதி.

இப்படிப் பார்க்கும்போது, விலை எங்கே குறைவு, தரம் எங்கே அதிகம் என்று மற்றவர்கள் பேசுகிற ஒப்பீட்டில் எனக்கு அவ்வளவு அக்கறை வரவில்லை. தொடக்கநிலைப் பொருள்கள் புதுக்கடையில் மலிவு. பஸ் காசைச் சேர்த்தால் சமன். அத்தோடு அது முடிந்துவிடும்.

எனக்கு முடியாத கணக்கு வேறு. ராஜவீதிக் கடை கூட்டத்தை நம்புகிறது. ஆனால் அந்தக் கூட்டம் பெரும்பாலும் ஆம்பளைப் பையன்களின் கூட்டம். புதுக்கடை தனி ஆளை நம்புகிறது. அங்கே என் அண்ணன் மகளுக்கு இடம் கிடைத்தது, ஆனால் அவள் ஷூவோடு ஊருக்குத் திரும்பியதும் ஓடுவதற்கு ஒரு போட்டி வேண்டும், கூட ஓட நான்கு பிள்ளைகள் வேண்டும், ஜெயித்தால் பேர் வாசிக்க ஒரு மேடை வேண்டும். அதெல்லாம் லிட்டரிலும் அளவிலும் கிடைப்பதில்லை. எங்கள் ஊர்ப் பொங்கல் விளையாட்டு விழாவில் பையன்களுக்கு ஓட்டம், கபடி, கைப்பந்து. பெண்களுக்குக் கோலப்போட்டி, இசை நாற்காலி, பானை உடைத்தல். நான் சிறு பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து இதே பட்டியல். சைக்கிள் வந்து நாங்கள் ஊர் ஊராகப் போன வருஷத்திலும் இதே பட்டியல்தான்.

மார்கழி பாதியில் ராஜவீதிக் கடைக்குப் போனேன். மன்றத்துப் பையன்கள் இரண்டு பேரும், என் அண்ணன் மகளும் கூட வந்தார்கள். ஷீல்டு சொல்ல வேண்டியிருந்தது. பையன்கள் பட்டியலை நீட்ட, கடைக்கார அண்ணன் ஒரு மிட்டாய் டப்பாவைத் திறந்தார். ஷீல்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர்கள் அதில் கட்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டு இருக்கும். கபடி முதலிடம், கபடி இரண்டாமிடம், கோலப்போட்டி, இசை நாற்காலி என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் நின்றார்.

"இதென்ன தங்கச்சி, பெண்கள் எண்ணூறு மீட்டரா? உபயம் யாரு?"

"நாந்தாண்ணே."

டப்பாவை ஒரு தடவை கிளறிப் பார்த்தார். "இதுக்கு ஸ்டிக்கர் இல்லையே." மூடியை மூடிவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார். அவள் காலில் இருந்த ஷூவையும் பார்த்தார்.

"எங்க ஆத்தா ஓடப் போறீங்க?"

"கம்மாக்கரையில தாத்தா. கலுங்குலேருந்து மடை வரைக்கும் போயித் திரும்புனா எண்ணூறு மீட்டரு. நாங்களே டேப்பு வச்சு அளந்தோம்."

"எத்தனை பேரு?"

"இப்ப ஆறு பேரு."

அவர் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, பழைய பில்லின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற ஸ்டிக்கர் வெட்டுகிற கடைக்குப் பையனிடம் கொடுத்தனுப்பினார். ஒன்று கேட்டதற்கு மூன்று வெட்டச் சொன்னார்: முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம். வந்ததும் தங்க நிற எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மிச்சம் இருந்த தாளையும் கிழிக்காமல், ரப்பர் பேண்டு போட்டு டப்பாவில் வைத்தார்.